காலநிலை மாற்றமும் சுகாதாரத் திட்டமும்: வாகரையின் ஆதிக்குடிகளிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: வாழைச்சேனை வாசகி

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபகுதியில் இயங்கும் சிறிய தொண்டு அமைப்பொன்றில் பணியாற்றுகிறேன். பிரதேச மட்டத்தில் தயாராகும் காலநிலை மாற்ற இசைவாக்கத் திட்டத்தில் சுகாதாரம் பற்றிய பகுதிக்கு வரைவொன்றை எழுதித் தரும்படி எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பின் வரும் எலிக்காய்ச்சல், டெங்கு, வறட்சிக் காலத்துக் குடிநீர், கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்றுக் காலத்து வெப்பம் ஆகியவை அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கடைசியாகச் சேர்க்கப்பட்ட 'பூர்வீக அறிவு' என்ற தலைப்பில்தான் எனக்குச் சிக்கல். இலங்கையின் ஆதிக்குடிகளில் ஒரு பிரிவினரான, வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் சமூகத்தின் முதியவர்களைச் சந்தித்து, மழைக் குறிகள், மூலிகைகள், பஞ்ச காலத்து உணவுகள் ஆகியவற்றைத் திரட்டி, ஒரு கையேடாக அச்சிட்டுத் திட்டத்துக்குப் பின்னிணைப்பாக வைத்துவிட்டால் போதுமென்று குழுவில் முடிவாகியிருக்கிறது. அந்தப் பின்னிணைப்பை யார் எடுத்து வாசிக்கப் போகிறார்கள், வாசித்த பின்னர் எந்த உத்தியோகத்தர் எதை மாற்றிச் செய்யப் போகிறார் என்று கேட்டபோது தெளிவான பதில் கிடைக்கவில்லை.

2023 டிசம்பரில் அவுஸ்திரேலிய அரசாங்கம் வெளியிட்ட தேசிய சுகாதார, காலநிலை மூலோபாயம் ஆதிக்குடிகளின் தலைமைத்துவத்தைத் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக வைத்திருப்பதாக அறிந்தேன். அங்கே அது நடைமுறையில் எப்படி வேலையாக மாறியது என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். நம்முடைய பகுதியில் மரபாக இருந்துவரும் பழக்கங்களில் எவற்றைச் சுகாதார ஆலோசனையில் நம்பிச் சேர்க்கலாம், எவற்றைச் சேர்க்கக் கூடாது என்பதையும் துறை சார்ந்தவர்களிடமிருந்து அறிய விரும்புகிறேன்.


பதில்: கல்முனையான், டார்வின்

தங்கச்சி, நான் கல்முனையைச் சேர்ந்தவன். அவுஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் சுகாதாரத் துறையில் வேலை செய்கிறேன். இங்கே ஆதிக்குடிகளின் அறிவு என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் நெருப்பைப் பற்றித்தான் சொல்வார்கள். அது சரியான தொடக்கந்தான், ஆனால் முழுக்கதை அதுவல்ல என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2019-20 கோடையில் இந்த நாட்டின் தென்கிழக்கில் எரிந்த காட்டுத்தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். அந்தத் தீயின் புகையால் மேலதிகமாக ஏற்பட்ட மரணங்கள் ஏறத்தாழ 417 என்று பின்னர் மருத்துவ ஆய்விதழொன்றில் மதிப்பிட்டிருந்தார்கள். அதாவது நெருப்பைவிடப் புகை பத்து மடங்குக்கு மேல் உயிர்களைக் கொண்டு போயிருக்கிறது. காட்டை எப்படிப் பராமரிப்பது என்ற கேள்வி சுகாதாரக் கேள்வியாக மாறியது இந்த இடத்தில்தான். 2020இல் அறிக்கை சமர்ப்பித்த அரச ஆணைக்குழுவும் ஆதிக்குடிகளின் நிலப் பராமரிப்பு முறைகளை அரசாங்கங்கள் கலந்து பயன்படுத்த வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

அந்த முறை வெறும் பேச்சாக இல்லாமல் வேலையாக நடப்பதை வட பிரதேசத்தின் மேற்கு ஆர்னம் நிலத்தில் பார்க்கலாம். ஏறத்தாழ 28,000 சதுர கிலோமீற்றர் பரப்பில், மழைக்காலம் முடிந்து புல் இன்னும் முழுதாகக் காயாத நாட்களில், சிறுசிறு திட்டுகளாகக் குளிர்ச்சியான தீயை மூட்டி விடுகிறார்கள். இராப் பனியில் அது தானாக அவிந்துவிடும். எரிந்த திட்டுக்கும் எரியாத திட்டுக்கும் இடையில் உண்டாகும் இடைவெளி, வறண்ட காலத்தின் கடைசியில் மின்னல் விழுந்தோ மனிதர் கைதவறியோ பற்றும் பெருந்தீயை மேலே பரவ விடாது. எந்தச் சரிவை முதலில் எரிப்பது, எதைத் தொடக் கூடாது, யாருடைய நிலத்தில் யார் தீ மூட்டலாம் என்பவற்றை அந்தந்த நிலத்துக்குரிய குடும்பத்தின் மூத்தவர்கள் தீர்மானிக்கிறார்கள். 2006இல் இது ஓர் ஒப்பந்தத்தின் கீழ் வந்தது. பெருந்தீ குறைவதால் குறையும், பூமியை வெப்பமாக்கும் பச்சைவீட்டு வாயுக்களைக் கணக்கிட்டு, டார்வினில் இருந்த இயற்கை எரிவாயு ஆலையின் தரப்பு பணம் கொடுத்தது, அந்தப் பணம் காடுகாக்கும் ஆதிக்குடி இளைஞர்களின் சம்பளமாயிற்று. அறிவு, அதைச் செயற்படுத்தும் உரிமை, அதற்கான கூலி ஆகிய மூன்றும் ஒரே கையில் சேர்ந்ததால்தான் இது இத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறது. உங்கள் பின்னிணைப்பில் இம்மூன்றில் முதலாவது மட்டுந்தான் இருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாப் புகையும் புகைதான். டார்வினில் காட்டுப்புகை கூடும் நாட்களில் சுவாச நோயாளரின் வைத்தியசாலை அனுமதி கூடுவதையும், அந்தப் பாதிப்பு ஆதிக்குடிகளிடையே அதிகமாக இருப்பதையும் இங்குள்ள ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே மரபாக எரிப்பதென்பதாலேயே அது நலமானது என்று எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதில்லை. எப்போது, எந்தக் காற்றில், எவ்வளவு எரிப்பது என்பதை நிலத்தின் மூத்தவர்களும் காற்றை அளப்பவர்களும் சேர்ந்திருந்து பேச வேண்டியிருக்கிறது.

நெருப்பை விட்டு வெப்பத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் திட்டத்துக்கு அதுதான் நெருக்கமானது. வெயிலைத் தாங்கி வாழும் அறிவு இங்குள்ள மக்களுக்குப் பல்லாயிரம் ஆண்டு பழையது. காக்கடு பகுதியில் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிப்பார்கள். எந்தப் பூ மலர்ந்தால் எந்த மீன் கொழுக்கும், எந்தக் காற்று எழுந்தால் இடம்பெயர வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். இருந்தும் தொலைதூரக் குடியிருப்புகளில் வெப்பத்தால் ஏன் நோயாளிகளாகிறார்கள்? அவர்களைக் குடியமர்த்தியிருக்கும் வீடுகள் அந்த அறிவைக் கேட்காமல் கட்டப்பட்டவை. மின்சாரமோ பல இடங்களில் முன்கூட்டியே பணம் கட்டும் மானியில் ஓடுகிறது. காசு தீர்ந்தால் மின்விசிறியும் நின்றுவிடும், இன்சுலின் வைத்திருக்கும் குளிர்சாதனப் பெட்டியும் நின்றுவிடும். வட பிரதேசத்தின் 28 தொலைதூரச் சமூகங்களை ஆராய்ந்தபோது, 2018-19 ஆண்டில் 91 சதவீத வீடுகள் ஒரு தடவையேனும் இவ்வாறு இருளில் விழுந்திருந்தன. கடும் வெப்ப நாட்களில் அந்த ஆபத்து இன்னும் கூடியது. அறிவு எங்கும் போய்விடவில்லை. அதன்படி நடப்பதற்கான வழிதான் அடைபட்டிருக்கிறது.

நிறுவனங்களைப் பற்றிக் கேட்டீர்கள். 1971இல் சிட்னியின் ரெட்ஃபேர்ன் பகுதியில் ஆதிக்குடிகள் தாங்களே தொடங்கிய மருத்துவ நிலையம் முதலாவது. டார்வினில் 'டனிலா டில்பா' 1991இல் வந்தது. இன்று நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய நிலையங்களின் நிர்வாக சபைகளை அந்தந்தச் சமூகமே தெரிவு செய்கிறது. வெப்பம், புகை, வெள்ளம் பற்றிய அறிவித்தல்கள் மக்களிடம் போய்ச் சேருவது பெரும்பாலும் இவர்கள் வழியாகத்தான். 2023ஆம் ஆண்டின் மூலோபாயத்தில் தலைமைத்துவம் என்று எழுத முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன்பே அரை நூற்றாண்டுக் காலம் இப்படியான நிலையங்கள் இயங்கிக்கொண்டிருந்ததுதான்.


பதில்: ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்

மகள், நான் மட்டக்களப்பு வாவியின் இருபுறமுமுள்ள படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் கடமையாற்றி ஓய்வு பெற்றவன். கல்முனைத் தம்பி எழுதியவை நல்ல தகவல்கள். நான் நம் மண்ணுக்குரியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் குடிநீர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணற்திட்டில் வாழ்பவர்கள் நாம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து கிடக்கிறது. நாம் குடிப்பது அந்தப் படையைத்தான். வாகரைப் பக்கத்து ஆட்கள் பூவல் என்னும் ஆழமற்ற மணல் ஊற்றைத் தோண்டுவதைக் கவனித்துப் பார்த்தால் இந்த விஞ்ஞானம் முழுவதும் அவர்கள் கையிலிருப்பது தெரியும். ஆழமாகத் தோண்டமாட்டார்கள். ஊற்று எழுந்ததும் முதலில் ஊறும் கலங்கல் நீரை அள்ளி வெளியே ஊற்றிவிட்டு, மணல் அடியில் படியும்வரை பொறுத்திருந்து, பிறகு சிரட்டையை மேலோட்டமாகச் சரித்துத்தான் மொள்வார்கள். ஒரு குடம் நிரம்பியதும் ஊற்றுக்கு ஓய்வு கொடுத்து, பக்கத்தில் இருக்கும் மற்றப் பூவலுக்குப் போவார்கள்.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்னர் நம் கரையோரக் கிணறுகள் எல்லாம் உவராகிப் போனபோது, நல்லெண்ணத்துடன் வந்த பலரும் இயந்திரங்களை வைத்து அவற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் மேலே கிடக்கும் கொஞ்ச நன்னீரும் போய், அடியிலுள்ள உவர் மேலெழும். மட்டக்களப்பில் பின்னர் நடந்த ஆய்வுகளும், திரும்பத் திரும்ப இறைத்ததனால் கிணறுகள் விரைவாகத் தேறவில்லை, மாரி மழைதான் படிப்படியாக உவரைக் கழுவியது என்று காட்டின. பூவல் தோண்டுபவர் ஒருவரை அன்றைக்குக் கூட்டத்தில் இருத்திக் கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார். கடல்நீர் புகுந்த கிணற்றை எப்படிக் கையாள்வது என்ற நடைமுறையை உங்கள் வரைவில் எழுதுங்கள். அதை எழுதும்போது அந்த ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தேத்தாங்கொட்டை. கலங்கிய நீரை ஊற்றுமுன் பானையின் உட்புறத்தில் கொட்டையை உரைத்துவிட்டால் வண்டல் அடியில் படிந்து நீர் தெளியும். இது உண்மைதான், ஆனால் தெளிந்த நீர் கிருமியற்ற நீர் ஆகாது. மறுபக்கத்தில், கலங்கல் நீரில் குளோரின் போட்டால் அது வண்டலோடு சேர்ந்து வீணாகிவிடுமென்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்தது. எனவே வெள்ளக் காலத்தில் தேத்தாங்கொட்டையால் தெளிய வைத்து, மேல்நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அதன்பின் குளோரின் இடுவது அல்லது கொதிக்க வைப்பது என்று இரண்டையும் இணைத்துச் சொல்லுங்கள். ஒன்றைப் பழையது என்று தள்ளவும் வேண்டாம், மற்றதை வெள்ளைக்காரன் மருந்து என்று தள்ளவும் வேண்டாம்.

மரபாக நம்பப்படும் எல்லாம் சரியல்ல என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. உவர்நீரில் டெங்கு நுளம்பு பெருகாது என்று மீனவர்களும் நம்பினார்கள், படித்தவர்களும் நம்பினார்கள். 2011இல் வெளியான ஆய்வொன்று மட்டக்களப்புக் கரையோரத்தில் கைவிடப்பட்ட தோணிகளிலும், பாவனையற்ற கிணறுகளிலும், வீசப்பட்ட பிளாஸ்டிக் கலன்களிலும் தேங்கிய உவர்நீரில் டெங்கு பரப்பும் இருவகை நுளம்புகளினதும் குடம்பிகள் வளர்வதைக் காட்டியது. கடல்மட்டம் உயர்ந்து உவர் உள்ளே வரவர இந்த இடங்கள் கூடும். எந்தத் தோணி எந்தக் கரையில் எத்தனை காலமாகக் கிடக்கிறதென்பது மட்டும் மீனவருக்குத்தான் தெரியும். அந்தத் தகவலை அவர்களிடமிருந்து பெற்று, ஆய்வு சொல்வதை அவர்களுக்குக் கொடுங்கள்.

மூலிகைப் பட்டியலைப் பற்றி ஒரே வார்த்தை: டெங்குக் காய்ச்சலுக்குப் பப்பாசி இலைச்சாறு என்பது போன்ற எதையும் அரச திட்டத்தின் பின்னிணைப்பில் அச்சிடாதீர்கள். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தப் பரிசோதனை என்ற செய்தி அதனால் பின்னுக்குப் போய்விடும். எலிக்காய்ச்சலுக்கும் அப்படித்தான், வயலில் இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டொக்சிசைக்கிளின் தடுப்பு மருந்து வாங்கிக் குடிக்க வேண்டும் என்பதற்கு மாற்று எதுவுமில்லை.


பதில்: கல்முனையான், டார்வின்

ஐயா எலிக்காய்ச்சலைச் சொன்னதால் ஒன்றைச் சேர்க்கிறேன். மெலியோய்டோசிஸ் என்ற மண்கிருமி நோய் டார்வினின் மழைக்காலத்தில் எங்களுக்குப் பெரும் தலையிடி. நீரிழிவு உள்ளவர்களுக்கும், சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். பெருமழைக்கும் சூறாவளிக்கும் பின்னர் நோயாளர் கூடுவார்கள். அதே நோய் மட்டக்களப்பிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. நீரிழிவுள்ள விவசாயி ஒருவருக்கு வெள்ளத்தின்பின் விடாத காய்ச்சலும் நெஞ்சுச்சளியும் இருந்தால், இந்தப் பெயரை வைத்தியரிடம் நினைவூட்டச் சொல்லி உங்கள் வரைவில் ஒரு வரி எழுதுங்கள்.


பதில்: தம்பிலுவில் மருத்துவ மாது

தங்கச்சிக்கு வணக்கம். நான் அம்பாறை மாவட்டத்தில் குடும்ப சுகாதார சேவையில் இருக்கிறேன். வெப்பத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் கதவு திறந்து சடங்கு நடக்கும், முடிவில் குளிர்த்தி. கச்சான் அனல் வீசத் தொடங்கி, ஒரு காலத்தில் அம்மை போன்ற வெக்கை நோய்கள் பரவிய அதே பருவம். அம்மனைக் குளிர வைத்தால் ஊர் குளிரும், மழை பெய்யும், நோய் விலகும் என்பது மக்களின் நம்பிக்கை. இதைக் காலநிலை இசைவாக்க முறை என்று பெயரிட்டு ஒரு கட்டத்துக்குள் அடைக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். அது வழிபாடு, வழிபாடாகவே இருக்கட்டும். ஆனால் ஊர் முழுவதும், குறிப்பாகப் பெண்களும் முதியவர்களும், ஓரிடத்தில் கூடும் அந்த நாட்களில் கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் வெப்பத்தைப் பற்றிச் சொல்ல, கோயில் நிர்வாகிகளான வண்ணக்கர்மாரிடம் அனுமதி கேட்டால் ஒருவரும் மறுக்கப் போவதில்லை. பந்தலுக்குள் நிழலும் தண்ணீரும் எப்படியும் இருக்கும்.

சிறுபோக வெட்டுக் காலத்தைப் பற்றியும் யோசியுங்கள். முன்பு விடியுமுன் வயலில் இறங்கி, வெயில் ஏறியதும் வாடியில் ஒதுங்கி, பழஞ்சோற்றுத் தண்ணீரில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் குடித்து, வெயில் சாய்ந்த பின் மறுபடி இறங்குவார்கள். இந்த ஒழுங்கை எவரும் மறந்துவிடவில்லை. இன்று வேலை ஏக்கர்க் கணக்கில் ஒப்பந்தமாகிவிட்டதால் நடுப்பகலில் ஒதுங்குபவருக்குக் கூலி குறைகிறது. இயந்திரம் வரும் நேரம் உச்சிப் பொழுதென்றால் சாக்குத் தூக்குபவரும் உச்சிப் பொழுதில்தான் நிற்க வேண்டும். வட பிரதேசத்தில் மின்மானி செய்வதை இங்கே கூலிமுறை செய்கிறது. ஆகவே உங்கள் வரைவில் பழஞ்சோற்றின் குணநலன்களை ஒரு பக்கத்துக்கு விவரிப்பதைவிட, கமக்காரர் அமைப்புகளின் கூட்டத்தில் வேலை நேரத்தை விடியலுக்கும் பின்னேரத்துக்கும் மாற்றும் பேச்சை எடுப்பது பயன் தரும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்புக் கரைத்த நீரைப் பொதுவாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்பதையும் மறக்காதீர்கள்.


பதில்: வாழைச்சேனை வாசகி

அனைவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்ன கிணற்று நடைமுறையையும், அக்கா சொன்ன வேலை நேரத்தையும் வரைவில் தனித்தனி நடவடிக்கைகளாக எழுதத் தொடங்கிவிட்டேன். ஆயினும் ஓர் ஐயம் தீரவில்லை. அவுஸ்திரேலியாவில் ஆதிக்குடிகள் என்பதற்கு நிலவுரிமைச் சட்டமும் சொந்த மருத்துவ நிலையங்களும் இருக்கின்றன. வாகரையில் இருப்பவர்கள் தமிழ் பேசுகிறார்கள், நம் கோயில்களுக்கு வருகிறார்கள், நம்மோடு கலந்து வாழ்கிறார்கள். அவர்களை வேறாக அழைத்துக் கலந்தாலோசிப்பது அவர்களைத் தள்ளி வைப்பதாகிவிடாதா என்று குழுவிலுள்ள மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது?


பதில்: பனிச்சங்கேணி

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரித்து எனக்கு இருப்பதால் எழுதுகிறேன், அக்கா. நான் கரையோர வேடர் குடும்பத்தவன். அரச பதிவுகளில் பெரும்பாலும் தமிழர் என்றே நாங்கள் எழுதப்படுகிறோம், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். அதில் எங்களுக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆனால் எங்கள் சடங்கில் குமார தெய்வத்துக்கும் உத்தியாக்களுக்கும் மடை எனும் படையல் வைக்கும்போது, எந்தக் காட்டிலிருந்து எந்தத் தேன் வர வேண்டும், எந்த மரத்தின் பட்டை வர வேண்டும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைத் தெரிந்தவர்கள் எங்களுக்குள்தான் இருக்கிறார்கள். எங்களை வேறாக அழைத்தால் தள்ளி வைத்ததாகாது. அழைத்து, சொன்னதை எழுதிக்கொண்டு போய், திரும்பி வராமல் இருப்பதுதான் தள்ளி வைப்பது. அப்படி வந்து போனவர்கள் பலர். எங்கள் பெரியம்மா ஒருவர் கிழங்கு வகைகளைச் சொல்லும் ஒளிப்பதிவு எங்கோ இணையத்தில் இருக்கிறது, அவருக்கு அதை ஒருவரும் காட்டவில்லை.

எங்கள் அறிவு புத்தகத்தில் ஏறினால் காப்பாற்றப்பட்டுவிடும் என்று நினைக்கிறார்கள். 2004இல் கடல் வந்தது. 2006இன் கடைசியிலும் 2007இன் தொடக்கத்திலும் வாகரையே வெறுமையாகி, முகாம்களில் இருந்தோம். அந்தக் காலத்தில் தேன் பார்க்கக் காட்டுக்குப் போயிருக்க வேண்டிய வயதில் இருந்த பிள்ளைகள் கூடாரத்துக்குள் இருந்தார்கள். இப்போது போக நினைத்தாலும், தேனெடுக்க வந்தவனையும் மரம் அறுக்க வந்தவனையும் ஒரே கண்ணால் பார்த்து மறிக்கும் நிலை இருக்கிறது. என் அப்பப்பா காட்டுக்குள் நடந்துகொண்டேதான் எதையும் சொல்லித் தருவார். பூக்கத் தொடங்கியிருக்கும் ஒரு மரத்தடியில் நின்று, கிளையை வளைத்துப் பூவின் அடியை நகத்தால் கீறி, ஈரம் இருக்கிறதா என்று காட்டி, இந்த முறை பூ பிந்தியிருக்கிறது, தேனும் பிந்தும், மழை இடையில் வந்தால் தேன் புளிக்கும் என்பார். கதிரையில் இருத்திக் கேள்வித்தாளை நீட்டினால் அவருக்கு ஒன்றும் வராது. மழைக் குறிகளும் முன்பு போலப் பொருந்துவதில்லை என்று அவரே சொல்கிறார். பூக்கும் காலமும் மழையும் ஒன்றையொன்று விட்டு விலகுவதை ஆண்டுதோறும் கவனித்துக்கொண்டிருப்பவர் அவர். அவரிடம் பழைய குறிகளை மட்டும் கேட்டு அச்சிட்டால், அவர் இப்போது கண்டுகொண்டிருப்பது விடுபட்டுப் போகும்.

சுகாதாரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். தேனும் கிழங்கும் வாவி மீனும் குறைந்த வீட்டில் சீனியும் கோதுமை மாவும் கூடுகின்றன. எங்கள் முதியவர்களிடையே நீரிழிவு இப்போது சாதாரணம். வறட்சி வந்தால் பவுசரில் தண்ணீர் வரும். வராத நாட்களில் பூவல்தான். அந்தப் பூவல்களுக்குப் பக்கத்தில் மணல் அள்ளினால் நன்னீர்ப் படை போய்விடும். ஆகவே எங்கள் தரப்பில் திட்டத்துக்குள் வர வேண்டியவை பூவல் நிலங்களின் பாதுகாப்பு, பருவத்தில் காட்டுக்குள் போய்வர ஓர் எழுத்து மூல அனுமதி, கிளினிக் நடக்கும் நாளுக்குப் போக்குவரத்து ஆகியவை. மூலிகைக் கையேடு எங்களுக்கு அவசரமாகத் தேவைப்படவில்லை. சடங்கோடு தொடர்புள்ள மருந்துகளை வெளியே சொல்வதா இல்லையா என்பதைப் பெரியவர்கள்தான் முடிவு செய்வார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அதை ஒத்துழையாமை என்று அறிக்கையில் எழுத வேண்டாம்.


பதில்: கல்முனையான், டார்வின்

பனிச்சங்கேணித் தம்பி எழுதியதற்குப் பிறகு நான் சேர்க்க அதிகமில்லை. நிலமும் உணவும் பற்றி அவர் சொன்னதை ஒட்டிய ஆய்வு ஒன்று இங்கே உண்டு: ஆர்னம் நிலத்தில் தம் நிலப் பராமரிப்பில் கூடுதலாக ஈடுபட்டவர்களிடம் உடற்பருமனும் நீரிழிவும் குறைவாக இருந்ததை 2009இல் மருத்துவ ஆய்விதழொன்றில் வெளியிட்டார்கள். காட்டு அனுமதியைச் சுகாதார நடவடிக்கையாக எழுதினால் சிரிக்கும் அதிகாரி எவரேனும் இருந்தால் இதைக் காட்டலாம்.

குழுவின் மூத்த உறுப்பினருக்காக ஒன்று. இங்கே சட்டங்கள் இருந்தும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. அவுஸ்திரேலியாவின் வட எல்லையிலுள்ள டொரஸ் நீரிணைத் தீவுகளைச் சேர்ந்த எட்டுப் பேர், கடல் ஏறித் தங்கள் மூதாதையரின் இடுகாடுகளும் தோட்டங்களும் அழிவதைத் தடுக்க அரசாங்கம் போதியவை செய்யவில்லை என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார்கள். 2022 செப்டெம்பரில் குழு அவர்கள் பக்கம் தீர்மானித்தது. அதே தீவுகளைச் சேர்ந்த வேறிருவர் அவுஸ்திரேலியச் சமஷ்டி நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2025 ஜூலையில் தள்ளுபடியாயிற்று. சட்டம் இருக்கும் நாட்டிலும் போராடித்தான் பெறுகிறார்கள். சட்டம் இல்லை என்பது கேட்காமல் விடுவதற்குக் காரணமாகாது.


பதில்: வாழைச்சேனை வாசகி

தம்பி, நீங்கள் சொன்னவற்றைக் குழுவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். கையேட்டுக்கென ஒதுக்கிய தொகையைப் பூவல் நிலங்களை வரைபடத்தில் குறிக்கும் வேலைக்கு மாற்றலாமா என்று பிரதேச செயலகத்தில் கேட்பதாக முடிவாகியிருக்கிறது. படிவத்தில் 'பூர்வீக அறிவு' என்ற தலைப்பை நீக்க முடியாதாம். அதன் கீழ் உங்கள் கோரிக்கைகளை எழுத இடமிருக்கிறது. வரைவை இறுதி செய்யுமுன் உங்கள் ஊரில் ஒரு கூட்டம் வைக்க விரும்புகிறோம். யாரிடம் முதலில் கேட்க வேண்டும்?


பதில்: பனிச்சங்கேணி

முதலில் சடங்கு நடத்தும் கப்புகனாரிடம், பிறகு கிராம அபிவிருத்திச் சங்கத்தில். வெள்ளிக்கிழமை வேண்டாம், தேன் பருவத்திலும் வேண்டாம், ஆண்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். வரைவைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு, கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்பே தந்துவிடுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நாங்கள் வாசித்துக் காட்டுகிறோம். கூட்டத்தைக் காலையில் வையுங்கள். அந்த நேரத்தில் பெண்கள் பூவலுக்குப் போவார்கள், அவர்களோடு ஓய்வுபெற்ற ஐயாவும் வந்தால் நல்லது. எந்த ஊற்று எந்த மாதத்தில் உவர்க்கிறதென்று அவர்கள் இடத்திலேயே சொல்லிவிடுவார்கள்.